ஹாலில் ஒரு கடல்!

காலை எட்டே முக்காலுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின். பத்து மணிக்கு மேனேஜர். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அதே ட்ரெயின். இப்படி ஓடுகிற மனுஷனுக்கு வீடு திரும்பியதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டாமா? டி.வி. இருக்கிறதே என்பீர்கள். அதில்தான் எல்லோரும் கத்துகிறார்களே! கத்தாத ஜீவன் மீன் ஒன்றுதான்.

சாதா மீன் தொட்டி எல்லோருக்கும் தெரியும். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாகக் கடை. கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர் என்று பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நாம் பேசப்போவது அதற்கெல்லாம் பெரியண்ணன்... கடல்நீர்த் தொட்டி! ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் (அதான் சார், 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' ஹீரோ!) பாறை இடுக்கில் புகுந்து புறப்பட்டு நம் ஹாலிலேயே நீந்தும்.

ஆசை வந்துவிட்டதா? ஒரு விஷயத்தை மட்டும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். இது மீன் வளர்க்கிற வேலை இல்லை. தண்ணீர் வளர்க்கிற வேலை. மீன் கடைசியில்தான் வரும்.

தரை தாங்குமா?

'சின்னதா ஆரம்பிச்சு அப்புறம் பெரிசாக்கலாம்' என்பது தப்புக் கணக்கு. சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தால் மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும். பெரிய தொட்டி கொஞ்சம் தாங்கும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 190 லிட்டர். தண்ணீர் மட்டுமே 190 கிலோவுக்கு மேல்! கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் கால் டன். கம்ப்யூட்டர் டேபிள் மேல் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உறுதியான ஸ்டாண்ட், சுவரோரமான இடம், நேர் வெயில் படாத மூலை - இந்த மூன்றும் முக்கியம். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உத்தமம்.

இன்னொன்று. உப்புத் தண்ணீரும் கரண்ட்டும் ஜென்மப் பகை. பம்ப், லைட் வயர்களை நேராக ப்ளக்குக்கு இழுக்காதீர்கள். ப்ளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது.

அண்ணாச்சி கடை உப்பு ஆகாது!

'மெரினா பக்கத்துலதானே இருக்கு, பத்துக் குடம் மொண்டு வந்தா ஆச்சு' என்று ஒரு நண்பர் கட்டாயம் ஐடியா கொடுப்பார். கூவம் போய்ச் சேருவதும் அதே கடலில்தான் என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

சரி, ரெண்டு பாக்கெட் கல் உப்பு? அதுவும் ஆகாது. கடல் தண்ணீரில் இருப்பது சமையல் உப்பு மட்டுமல்ல. மெக்னீஷியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. இதையெல்லாம் கலந்து கடல்மீன் தொட்டிக்கென்றே உப்பு விற்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. நம் தொட்டிக்கு ஏழு கிலோ மாதிரி ஆகும். அதை ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு நாள் முன்னாலேயே கரைத்து வைத்து, ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள். பால்காரர் விஷயத்தில் நாம் காட்டுகிற சந்தேகம் இங்கேயும் வேண்டும்!

தினம் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆகிவிடும்.

முதல் குடித்தனக்காரர்கள்

தண்ணீர் ரெடி, கல் அடுக்கியாச்சு, பம்ப் ஓடுகிறது. மீன் வாங்கலாமா? கூடாது! இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மீனின் கழிவும், மிச்சமான தீனியும் அழுகினால் அமோனியா வரும். மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை; வாராவாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் சமாளிக்கலாம்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆசாமிகள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள். அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. டெஸ்ட் கிட்டில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன் கடைப் பக்கம் போக வேண்டும்.

வீட்டில் 'வெறும் தண்ணியையா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே?' என்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த வில்லன் வெயில். பவளப் பாறை மீன்களுக்கு 24-லிருந்து 27 டிகிரி சுகம். சென்னை மே மாசத்தில் இது நடக்கிற காரியமா? தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சில்லர்தான். பட்ஜெட் போடும்போது தொட்டி விலையை மட்டும் பார்க்காமல் கரண்ட் பில்லையும் சேர்த்துப் போடுங்கள். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், மீன் மூச்சுத் திணறும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பவளம் எங்கே சார்?

வெளிநாட்டு வீடியோவில் கலர் கலராகப் பவளம் ஆடுகிறதே, அது? இங்கேதான் சட்டம் வருகிறது. கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான்! பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 'உயிர்க்கல்' என்று காதோடு காதாகச் சொல்லி விற்பதும் பெரும்பாலும் பவளத் துண்டுதான்.

சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பிருந்தே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பவளம் அலையைத் தடுக்கிற சுவர். சுவரைப் பெயர்த்தால் வீடு நிற்குமா?

ஆகவே நம் தொட்டியில் செராமிக் கல். அதை மேடும் குகையுமாக அடுக்கினால் நாளாவட்டத்தில் பாசி படிந்து அசல் பாறை மாதிரியே ஆகிவிடும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது, விருந்தாளிக்கும் தெரியாது.

மேடம்தான் பாஸ்!

மீனும் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டாம். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். தொட்டி வாழ்க்கை அதற்குப் பழகினது. போட்ட தீனியைத் தின்னும். படத்தில் வந்த நீல நிற டோரியைக் கேட்காதீர்கள். அது ஓர் அடி வளரும். நம் மூன்றடித் தொட்டி அதற்கு ஜெயில்.

கோமாளி மீன் குடும்பத்தில் ஒரு விசேஷம். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும். அது செத்துப்போனால் கணவர் பெண்ணாகிவிடுவார்! அந்தக் கணக்குப்படி பார்த்தால் நீமோவின் அப்பா, மகனைத் தேடிப் போகும்போது அம்மாவாகியிருக்க வேண்டும்.

முதல் மாசம் அந்த ஒரு ஜோடி போதும். கடைக்காரர் இன்னும் நாலைக் காட்டி ஆசை காட்டுவார். 'நேத்துதான் சார் கடல்லேருந்து வந்துது' என்றும் சொல்வார். அதைக் கேட்டதும் புன்சிரிப்போடு வெளியே வந்துவிடுங்கள்.

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவருக்குத்தான் கடல் குடித்தனம் வரும். இன்க்ரிமென்ட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிற நமக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ன?