விழுந்தால் எது வளைய வேண்டும்?

மணாலியிலிருந்து லே நோக்கிப் போகும் சாலையில் தாண்டி என்று ஒரு சிற்றூர். சந்திரா, பாகா ஆறுகள் கலக்கும் இடம். அங்கிருக்கும் பெட்ரோல் பங்க்கின் அறிவிப்புப் பலகை மோட்டார் சைக்கிள் பயணிகளிடையே வெகு பிரபலம்: ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்.’ நடுவே வரும் தாங்லாங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சினின் இழுவையும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

இப்படிப்பட்ட சாலைகளுக்கென்றே 2016-இல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த வண்டி ஹிமாலயன். சென்னை வட்டாரத்து ஆலையில் உருவானது. 411 சிசி, 21 அங்குல முன்சக்கரம், 220 மி.மீ. தரை இடைவெளி, 15 லிட்டர் டேங்க். 2023-இல் அதன் இடத்துக்கு 450 வந்துவிட்டாலும் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் கைபடுவது இன்றும் பழைய 411-தான். 15 லிட்டரில் 365 கிலோமீட்டரைக் கடக்க லிட்டருக்கு 24-க்கு மேல் கிடைத்தாக வேண்டும். சமவெளியில் அது தாராளமாகக் கிடைக்கும். முழுச் சுமையோடு முதல் கியரில் கணவாய் ஏறும்போது அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆகவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று தேவை. அதில் நிரப்பிய பெட்ரோல் மட்டும் 3.7 கிலோ. கூடவே கூடாரம், கம்பளி, ட்யூப், ஸ்பேனர்கள், சமையல் அடுப்பு. எல்லாவற்றையும் வண்டியில் எங்கே, எப்படிக் கட்டுவது?

காசு கொடுத்தால் கடையில் எல்லாமே கிடைக்கும். ஆனாலும் நீண்ட பயணத்துக்குப் பட்டறையில் செய்த பாகமே மேல் என்பது என் கட்சி. செய்தவனுக்கு அதன் ஒவ்வொரு மூட்டும் தெரியும். உடைந்தால் எங்கே உடையும் என்றும் தெரியும். பாகத்தை வரைய உட்காரும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: வண்டி கீழே விழுந்தால் எது வளைய வேண்டும்? பெட்டி நசுங்கலாம், பெட்டியைத் தாங்கும் சட்டம் வளையலாம். சேஸிஸ் வளையக் கூடாது, எஞ்சின் கூடு விரியக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

பக்கப் பெட்டிகளைத் தாங்கும் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 16 மி.மீ. எம்.எஸ். பைப் போதும். அலுமினியம் எடை குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இரும்பு, ஒரு வரம்புக்குக் கீழே வரும் அதிர்வை எத்தனை லட்சம் முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு வரம்பு கிடையாது. சிறு அதிர்வும் நாளடைவில் அதில் விரிசலாகச் சேரும். இன்னொன்று, இரும்பு விட்டுப்போனால் ஆர்க் வெல்டிங் மெஷின் உள்ள எந்தச் சாலையோரக் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். மலைப்பாதையில் அவரை எங்கே போய்த் தேடுவது?

பைப்பை அப்படியே வளைத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கிவிடும். நன்றாகக் காய்ந்த மணலை உள்ளே தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்து வளைத்தால் வட்டம் குலையாது. மணலில் ஈரம் இருக்கவே கூடாது. சூடு காட்டி வளைக்கும்போது ஆவி அழுத்தத்தில் அடைப்பு குண்டு போலப் பறக்கும். வளைத்த துண்டுகளை வண்டியில் போல்ட் போட்டு நிறுத்தி, சிறு சிறு டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைத்துப் பிடிக்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது இரும்பை இழுக்கும். தரையில் வைத்து ஒட்டிவிட்டு வந்தால் ஓட்டைகள் இரண்டு மூன்று மி.மீ. விலகி நிற்கும். டாக் வைக்கும் முன் பேட்டரியின் இரு ஒயர்களையும் கழற்றுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். டேங்க்கையும் இறக்கி வைத்துவிடுங்கள். முழு வெல்டிங்கைச் சட்டத்தைத் தனியே எடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இடது, வலது சட்டங்களை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பைப் இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கரடுமுரடான பாதையில் இரு பெட்டிகளும் தனித்தனியே ஆடி, போல்ட் பிடிக்கும் காதுகளைத் தின்றுவிடும். வெல்டிங் பெரும்பாலும் தையலின் நடுவில் விடுவதில்லை. தையல் முடிந்து வெறும் இரும்பு தொடங்கும் ஓரத்தில்தான் விடும். அந்த ஓரங்களில் முக்கோணத் தகடு வைத்தால் ஆயுள் கூடும். போல்ட் தலையில் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்புக்காகச் சாதாரண எவர்சில்வர் போல்ட் போடுகிறவர்கள் பலத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சுமை எங்கே உட்கார்கிறது என்பதும் பெரிய விஷயம். ஹிமாலயனின் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1,465 மி.மீ. பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் 15 கிலோ வைத்தால் முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் சுமார் 3 கிலோ குறைந்துவிடும். மணலிலும் சரளையிலும் ஹேண்டில் லேசாகி அலைவது இதனால்தான். பெட்டியை முன்னுக்கும் கீழுக்கும் தள்ளுங்கள். கனமான டூல்ஸ் அடியில், தூங்கும் பை மேலே. 411-இல் சைலன்சர் வலப்பக்கம் மேல்நோக்கி வருவதால் வலது பெட்டி சற்று வெளியே தள்ளி நிற்கும். சமநிலைக்கு அந்தப் பெட்டியில் எடை குறைவாக வைக்க வேண்டும்.

சுமை ஏறிய வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஈர மண் உள்வாங்கிவிடும். ஸ்டாண்டின் பாதம் 20 சதுர செ.மீ. என்றால், 60 சதுர செ.மீ. தகடு ஒன்றை அடியில் பொருத்தியதும் மண்மேல் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மீந்த இரும்புத் தகட்டில் அரை மணி நேர வேலை. பயணத்தில் இதைவிடப் பயன்படும் பாகம் வேறில்லை என்றே சொல்வேன்.

எஞ்சின் அடித் தகட்டை 4 மி.மீ. அலுமினியத்தில் செய்யலாம். அதைச் சேஸிஸில் பிடிக்க வேண்டும், எஞ்சினில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பாறையின் அடி நேரே வார்ப்புக் கூட்டுக்குப் போகும். இடையே விரற்கடை இடைவெளியும், ஆயில் வடிக்க ஓட்டையும் விடுங்கள்.

காற்றுத் தடுப்புக்கு முதலில் அட்டையை வெட்டிப் பொருத்தி ஓட்டிப் பார்த்து உயரத்தை முடிவு செய்யலாம். பிறகு 3 மி.மீ. பாலிகார்பனேட். அக்ரிலிக் உடைந்தால் கூரிய சில்லாகும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். ஆனால் அதன் போல்ட்டுகளில் திரெட் லாக்கர் தடவாதீர்கள். அந்த மருந்து பட்ட ஓட்டையைச் சுற்றி நூல் நூலாக வெடித்துவிடும். பெட்ரோலும் அதற்கு ஆகாது. ரப்பர் வாஷரும் நைலாக் நட்டும் போதும்.

கூடுதல் விளக்குகளைப் பொறுத்தவரை, 20 வாட் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர். ரிலே வைத்து, பேட்டரி அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

சட்ட விதிகளையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேஸிஸை வெட்டுவது, சைலன்சரை மாற்றுவது எல்லாம் வேண்டாம். ஸ்பேனரால் கழற்றி வண்டியைப் பழையபடி ஆக்கக்கூடிய பாகங்களோடு நில்லுங்கள். பெட்டி இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் முழுச் சுமையை ஏற்றி, காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குங்கள். பிறகு மோசமான மண்சாலை ஒன்றில் ஒரு நாள் ஓட்டுங்கள். புறப்படும் முன் ஒவ்வொரு நட்டின் மீதும் தகட்டின் மீதுமாக ஒரே பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஒரு கோடு விலகியிருந்தாலும் அந்த இடத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதுவரை பயணத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.