கமுகமடலிற் செய்யும் உணவுத் தட்டுகள்

வீட்டுத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் நிற்கும் கமுகைப் பாக்கின் பொருட்டே நாம் பேணி வருகிறோம். ஓலையுடன் கழன்று விழும் மடலோ குப்பையோடு எரிக்கப்படுகிறது. அன்றேல் விழுந்த இடத்திற் கிடந்து, மழைநீரைத் தேக்கி, டெங்கு நுளம்பு பெருக இடமளிக்கிறது. இம்மடலைச் சூட்டில் அழுத்தினால் உறுதியும் அழகும் வாய்ந்த தட்டாகும். பசையோ சாயமோ வேண்டியதில்லை. உபயோகித்தபின் எருக்குழியிலிட்டால் மக்கிவிடும்.

எமது நாட்டில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் பொலித்தீன் சாப்பாட்டுத் தாள்களும் 2017 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தடைசெய்யப்பட்டன. ஒருமுறை மாத்திரம் உபயோகிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி முதலியன 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் தடைக்குள்ளாயின. ஆதலால் இலை, மடல் முதலியவற்றாலாகும் கலங்களுக்குத் தேவை ஏற்பட்டுள்ளது.

மடல் சேகரித்தல்

கமுகு ஒன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 மடல்களை உதிர்க்கும். தானாக விழுந்தவற்றையே எடுத்தல் வேண்டும். பச்சை மடலைப் பறித்தெடுத்தால் அதனுள் மூடியிருக்கும் இளம் பாளை வெளிப்பட்டுக் கேடடையும். பாக்கு விளைச்சலும் குன்றும்.

விழுந்த மடலை நிலத்திற் பலநாள் கிடக்க விடலாகாது. ஈரம் பட்ட மடலிற் பூஞ்சணம் பற்றும். கறுத்த புள்ளி விழுந்த மடலை எவரும் வாங்கார். ஓலையை வெட்டி நீக்கியபின், நெல் உலர்த்தும் களம் வெறுமையாயுள்ள காலத்தில் இரண்டு மூன்று நாள் நன்கு காயவிட்டு, பலகை மேல் அடுக்கி, மழை படாத இடத்தில் வைத்தல் நன்று. மரக்கறிப் பாத்திகளுக்குத் தெளித்த பீடைநாசினி பட்ட மடலை உணவுத் தட்டுக்கு ஒருபோதும் சேர்க்கலாகாது.

தட்டுச் செய்யும் முறை

காய்ந்த மடலைச் சுத்தமான நீரில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, நீரை வடியவிடுதல் வேண்டும். சற்று ஈரப்பதமாயிருக்கும்போதே சூடேற்றிய அச்சின் நடுவே வைத்து அழுத்த, ஓரிரு நிமிடத்தில் தட்டு உருவாகும். மடலின் அகன்ற பகுதி பெரிய தட்டுக்கும், ஒடுங்கிய பகுதி கிண்ணத்துக்கும் உதவும். வெடித்தவற்றை வீசாது, துண்டாக்கிக் கூட்டெருவிற் சேர்க்கலாம்.

பொறி வாங்குமுன் கணக்கிடுக

20 கமுகு உள்ள ஒருவருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பன 100 முதல் 120 மடல்களே. மடலொன்றுக்கு 2 தட்டு, தட்டொன்றுக்கு 2 நிமிடம் எனக் கொண்டாலும், இவை யாவும் பொறிக்கு ஒரு நாள் வேலைதான். ஆகவே தனியொருவர் கடன்பட்டுப் பொறி வாங்குதல் இலாபந் தராது. பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து மடல் திரட்டி ஒரு பொறியை இயக்குதல், அல்லது காய்ந்த மடலைத் தட்டுச் செய்வோருக்கு விற்றல், இவ்விரண்டுமே தக்க வழிகளாகும்.

பிறநாட்டுச் சந்தையை நம்புவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கமுகிலுள்ள அற்கலோயிட்டுப் பொருள்கள் உணவிற் கலக்கக்கூடும் என்னுங் காரணத்தால், கமுகமடற் கலங்கள் உணவுக்கு உபயோகிக்க அங்கீகாரம் பெற்றவையல்ல என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆம் ஆண்டில் அறிவித்தது. எனவே ஏற்றுமதி செய்வதாகக் கூறிப் பணம் கேட்போரிடம், எந்நாட்டுக்கு, எவ்வனுமதியுடன் என எழுத்தில் வினவிய பின்னரே உடன்படுக. உள்ளூரிற் பரிமாறுவோரும் தட்டின் மேல் வாழையிலைத் துண்டொன்றை விரித்துச் சோறு கறி இடுதல் நன்று. எம்மவர் கைக்கொண்ட வாழையிலையும் தாமரையிலையும் இன்றும் பழுதற்ற உணவுக் கலங்களே. வாழை வளர்ப்போர் இலைக்கும் சந்தை தேடிக்கொள்ளலாம்.

மண்ணின் பங்கு

மடலைத் தோட்டத்திலிருந்து அகற்றும்போது மண்ணுக்குத் திரும்ப வேண்டிய போசணையில் ஒரு பகுதியும் அகன்றுவிடும். ஆதலின் ஓலையை நறுக்கிக் கமுகின் அடியிற் பரப்பி, மாட்டெருவும் இடுதல் வேண்டும். மடலுக்கு வரும் சில்லறைப் பணத்தின் பொருட்டு மரத்தை மெலியவிடுதல் கமக்காரருக்கு அழகன்று.

இத்தொழிலில் இறங்க விரும்புவோர் முதலிற் தமது கிராமத்திலுள்ள கமுகுகளை எண்ணி, வாங்குவோர் யாரெனத் தேடி அறிக. பின்னர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரை அணுகி ஆலோசனை பெறுக. அதன்பின் பொறியைப் பற்றி யோசிக்கலாம்.