கழுத்தில் உள்ள சின்னச் சுரப்பியும் நம் வீட்டு உப்பும்



மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்தால் என்ன நடக்கிறது? கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை கால் நடுங்குகிறது. முழங்கால் வலி என்று காலையில் முணுமுணுத்த அக்காவும் ரோட்டு வரைக்கும் ஓடி வந்துவிடுவார். அந்த வேகத்தைக் கொடுப்பது அட்ரினலின் என்ற ஹோர்மோன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பியில் இருந்து அது இரத்தத்தில் கலக்கிறது. ஹோர்மோன் என்பது இரத்தத்தின் வழியாகப் போகும் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் சுரக்கும், வேறிடத்தில் வேலை செய்யும்.

அட்ரினலின் வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் இரவு பகலாக மெதுவாக வேலை செய்யும் ஹோர்மோன்களும் உண்டு. அதில் நம்ம பகுதிக்கு முக்கியமானது தைரொயிட் ஹோர்மோன். தொண்டைக்கு முன்னால், வண்ணாத்திப் பூச்சி சிறகை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. சாப்பிட்ட சாப்பாடு எவ்வளவு வேகமாகச் சக்தியாக மாற வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், பிள்ளை எப்படி வளர வேண்டும் என்பதில் எல்லாம் அதற்குப் பங்கு உண்டு.

இந்தச் சுரப்பி வேலை செய்ய அயடின் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணித் தாய்க்கு 250. மிகக் கொஞ்சம்தான், ஆனால் தினமும் கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் இன்னொரு சுரப்பி, "இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய்" என்று தைரொயிட்டை விரட்டும். கொழுந்து இல்லாத மலையில் நிற்கிற ஆளைப் பார்த்து கங்காணி சத்தம் போட்டு என்ன பிரயோசனம்? சுரப்பி பாவம், பெருத்து வீங்குகிறது. அதைத்தான் கழலை என்கிறோம். சிங்களத்தில் கலகண்டய என்பார்கள்.

கலஹா போன்ற மழை கூடிய இடங்களில் மண்ணில் உள்ள அயடினை மழைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மண்ணில் இல்லாதது மரக்கறியில் எப்படி வரும்? 1986ஆம் ஆண்டளவில் நாட்டின் பல மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18 பேருக்கு மேல் கழலை இருந்தது. அதன் பிறகு 1995இல் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமானது. கடல் உப்புதானே, அதில் இயற்கையாகவே இருக்கும் என்று சிலர் சொல்லுவாங்க. இல்லை. வெறும் கடல் உப்பில் இருக்கும் அயடின் போதவே போதாது, சேர்த்தால்தான் உண்டு.

இதில் நம்ம லயத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டி உப்பை வாங்கி, அழுக்கு போகட்டும் என்று தண்ணீரில் அலசி, சட்டியில் போட்டு அடுப்புப் பக்கத்தில் திறந்தபடியே வைக்கிறோம். அலசும் தண்ணீரோடு அயடினும் போகிறது, மிச்சம் உள்ளது சூட்டிலும் ஈரத்திலும் குறைகிறது. அயடின் சேர்த்தது என்று அச்சடித்த பக்கட்டைப் பார்த்து வாங்கி, மூடி போட்ட போத்தலில் அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம், பிரஷர் ஏறிவிடும்.

உப்புச் சரியாக இருந்தும் சிலருக்குத் தைரொயிட் குறைகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் அப்படி வரும். பெண்களுக்குத்தான் கூட. எப்போதும் களைப்பு, மற்றவர்களுக்குக் குளிராத நேரத்தில் குளிர், முகம் ஊதுவது, முடி கொட்டுவது, மலச்சிக்கல், மாதவிடாய் அதிகம் போவது, மனம் சோர்ந்து கிடப்பது. இப்படிப்பட்ட ஒருவரை லயத்தில் என்ன சொல்கிறார்கள்? "சோம்பேறி." கொழுந்து நிறை குறைகிறது, அரைப் பேர் போடுகிறார்கள், வீட்டிலும் சண்டை. எங்கள் அபிப்பிராயத்தில் நோயைவிட இந்தப் பேச்சுத்தான் பெண்களை அதிகம் வருத்துகிறது. இரத்தச் சோகையிலும் இதே களைப்பு வரும். எது என்று இரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரமானது. பிறக்கும்போதே தைரொயிட் குறைந்த குழந்தைக்கு முதல் கிழமைகளிலேயே மருந்து தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும், பிறகு சரிசெய்ய முடியாது. பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான். பச்சைப் பிள்ளையைக் குத்துகிறார்களே என்று தடுக்க வேண்டாம்.

குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் குடிக்க வேண்டும். எழும்பினதும் சாயத்தண்ணி குடிப்பவர்கள் குளிசை போட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. சுகம் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

கழுத்தில் வீக்கம் தெரிந்தாலோ, மேலே சொன்ன குணங்கள் இருந்தாலோ முதலில் கலஹா ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தேவை என்றால் பேராதனைக்கோ கண்டிக்கோ கடிதம் தருவார்கள். கூடப் போக ஆள் இல்லாதவர்கள் எங்களிடம் வந்து சொல்லுங்கள், லீவு விஷயத்தையும் ஒபீசில் பேசிக்கொள்ளலாம்.