லிங்கன் நகரின் மணல் வடிகட்டி

ஆற்று நீரை மணல் வழியே மெல்ல இறக்கிக் குடிநீராக்கும் மெதுமணல் வடிகட்டி, 1829-இல் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர் லண்டனின் செல்சி குடிநீர் நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்த நாளிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்து நகரங்கள் பெரிதும் நம்பிய சாதனமாக இருந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு நுண்மணலும் அதன் அடியில் சரளைக்கல்லும் பரப்பிய அகன்ற தொட்டியே அது. அதில் நீர் மணிக்கு ஒரு சாண் அளவுகூட இறங்குவதில்லை.

கிருமியைத் தடுப்பது மணல் மட்டுமன்று. சில நாள்களில் மணலின் மேல் பாசியும் பாக்டீரியாவும் பிற நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான உயிர்ப்படலம் ஒன்று படர்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்து அழிப்பது அதுவே. படலம் தடித்து நீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும்போது, தொட்டியை வற்றவிட்டு, மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி அள்ளுவர். புதுப்படலம் பிடிக்கும் வரை வடிந்து வரும் நீரைக் குழாய்க்கு விடாமல் கழித்துவிட வேண்டும். படலம் சிதைந்த தொட்டியிலிருந்தும் பளிங்கு போன்ற நீர் வரக்கூடும் என்பதால், பார்வையை நம்பி இந்த விதியைத் தளர்த்துவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

விதம் ஆற்றையும் அதன் கிளைகளையும் சார்ந்திருந்த லிங்கன் நகரில், 1904-05 குளிர்காலத்தில், நோயாளியின் கழிவு கலந்த நீரால் பரவும் குடற்காய்ச்சலான டைபாய்டு மூண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வடிகட்டிகள் கைவிட்ட நிலையில், பாக்டீரியா ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹூஸ்டனும் வேதியியலர் ஜார்ஜ் மெக்கவனும் 1905 பிப்ரவரியில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை, அதாவது குளோரினை வெளிவிடும் சலவைக் கரைசலை, பத்து லட்சம் பங்கு நீருக்கு ஏறத்தாழ ஒரு பங்கு குளோரின் என்ற அளவில் கலக்கத் தொடங்கினர். 1897-இல் மெய்ட்ஸ்டோன் நகரில் இதே காய்ச்சலுக்குப் பின் குழாய்களைச் சலவைத்தூள் கொண்டு கழுவியதுண்டு. எனினும், ஊர் குடிக்கும் நீரிலேயே நாள்தோறும் மருந்து கலப்பது அன்றைய இங்கிலாந்துக்குப் புதிது. நீரின் சுவையும் மணமும் கெட்டதாக எழுந்த முணுமுணுப்பு வியப்புக்குரியதன்று.

இந்த ஏற்பாடு, நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தின் எல்க்ஸ்லி என்னும் ஊரில் மணற்பாறைக்குள் ஆழத் துளையிட்டு எடுத்த நிலத்தடி நீர் 1911-இல் நெடுந்தூரக் குழாய்வழியே லிங்கனை வந்தடையும் வரை நீடித்தது. லண்டன் பெருநகர நீர் வாரியத்தின் ஆய்வுப் பொறுப்பை இதற்குள் ஏற்றிருந்த ஹூஸ்டன், 1916-இல், போர்க்கால நிலக்கரிச் செலவைக் குறைப்பதற்காக, தேம்ஸ் நீரைத் தேக்கங்களுக்கு இறைத்து ஏற்றுவதை விட்டு அதிலும் குளோரின் கலக்கச் செய்தார்.