பாக்கெட் போடும் இயந்திரம் வாங்குமுன்

வெண்ணந்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் மரவள்ளி, நிலக்கடலை, மஞ்சள், சோளம் பயிரிடும் சிறு விவசாயிகள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "மூட்டையாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. நாங்களே அரைத்து, பாக்கெட் போட்டு விற்கலாமென்று இருக்கிறோம். எந்த மெஷின் வாங்கலாம், யாரிடம் வாங்கலாம்?"

கேள்வி நியாயமானதே. ஜவ்வரிசியின் கதை இப்பகுதியில் எல்லோரும் அறிந்தது. 1981ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, கிடங்கு வசதியும் ஏல விற்பனையும் உண்டாயின. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் சரக்கில் பெரும்பகுதி மூட்டையாகவே மகாராஷ்டிரம் போன்ற வெளி மாநிலங்களுக்குப் போகிறது. அங்கே அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக மாறும்போது ஏறும் விலை, பாக்கெட் போட்டவருக்கே சேர்கிறது. அந்தப் பங்கை நாமும் பெறவேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் அவசரப்பட்டு வாங்கும் இயந்திரம், வரப்போகும் லாபத்தோடு இருக்கும் முதலையும் விழுங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் பன்னிரண்டு விவசாயிகள் சேர்ந்து கடன் வாங்கி, மஞ்சள் தூள் பாக்கெட் போட ஒரு தானியங்கி இயந்திரம் வரவழைத்தார்கள். விற்றவர் தம் இடத்தில் சர்க்கரையைப் போட்டு ஓட்டிக் காண்பித்திருந்தார். அழகாக ஓடியது. ஊருக்கு வந்து மஞ்சள் தூளைக் கொட்டியதும், ஒரு பாக்கெட் 190 கிராம், அடுத்தது 212 கிராம். தூள் பறந்து ஒட்டும் இடத்தில் படிந்ததால் தையலும் சரியாகப் பிடிக்கவில்லை. மெக்கானிக் வெளி மாநிலத்திலிருந்து வரவேண்டும். ரயில் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் வாங்கியவர் தலையில். மெஷின் தார்ப்பாய்க்குள் போயிற்று. தவணை மட்டும் மாதா மாதம் வந்தது. ஒருவர் வீட்டில் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகே அந்தக் கடன் அடைந்தது. வாங்குமுன் என்னிடம் யோசனை கேட்டார்கள். கொட்டேஷனைப் பார்த்து, விலை நியாயம் என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கத் தவறினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் விற்கும் என்பதே முதல் கேள்வி. எத்தனை போட முடியும் என்பது அதற்குப் பிறகு. நாளொன்றுக்கு 100 கிலோ மஞ்சள் தூள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் வீதம் 500 பாக்கெட். காலால் மிதித்து ஒட்டும் சீலரில் பழகிய கை நிமிடத்துக்கு ஐந்து பாக்கெட் ஒட்டும். இருவர் எடை போட்டு நிரப்ப, ஒருவர் ஒட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். நிமிடத்துக்கு 30 பாக்கெட் போடும் தானியங்கி இயந்திரம் இதே வேலையைப் பதினேழு நிமிடத்தில் முடிக்கும். மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும். வட்டி சும்மா நிற்காது. கைச் சீலர், கால் மிதி சீலர், பட்டை ஓடும் தொடர் சீலர் எல்லாம் ஆயிரக் கணக்கில் அடங்குபவை. தானியங்கி லட்சக் கணக்கில் ஆகும். நாளுக்குச் சில ஆயிரம் பாக்கெட் தவறாமல் விற்கும் நிலை வரும்வரை தொடர் சீலரும் நல்ல எடை மெஷினும் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கும் முன்னால், பாக்கெட் மெஷின் உள்ள மசாலா மில்லில் கூலிக்குப் போட்டு வாங்கி, ஒரு பருவம் விற்றுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சிலருக்கு முதலில் வேண்டியது பாக்கெட் மெஷினே அல்ல. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு பெண்கள் குழுக்கள் சாமை, தினை முதலியவற்றை மதிப்புக் கூட்டி விற்கத் தொடங்கியபோது, உமி நீக்கும் இயந்திரமே பெருந்தேவையாக இருந்தது. அதுபோலவே, சரியாக உலராத கடலையை எவ்வளவு உயர்ந்த பையில் அடைத்தாலும் பூசணம் பிடிக்கும். அங்கே முதல் பணம் உலர்களத்துக்குப் போகவேண்டும்.

பொருளுக்கேற்ற இயந்திரம்

தானியங்கியே வாங்கும் அளவுக்கு விற்பனை இருந்தால், எடை பிடிக்கும் பாகத்தைத்தான் கூர்ந்து பார்க்கவேண்டும். ஜவ்வரிசி, சாமை அரிசி போல உருண்டோடும் பொருளுக்குக் கிண்ணத்தால் அளந்து போடும் முறை பொருந்தும். அது கொள்ளளவைத்தான் அளக்கிறது, எடையை அல்ல என்பதை மறக்கக்கூடாது. சரக்கின் ஈரமும் பருமனும் மாறினால் எடையும் மாறும். தூளுக்குத் திருகு சுழன்று தள்ளும் முறை வேண்டும். எண்ணெய்க்குப் பிஸ்டன் முறை. வறுவல், கடலை மிட்டாய் போன்ற ஒழுங்கற்ற வடிவமுள்ளவற்றுக்கு நிறுத்துப் போடும் முறையே சரி. ஒரே மெஷினில் எல்லாம் போடலாம் என்று எவராவது சொன்னால், எல்லாவற்றையும் அவர் முன்னிலையிலேயே போட்டுப் பார்க்கவும்.

500 கிராம் பாக்கெட்டில் 5 கிராம் கூடினால் ஆயிரம் பாக்கெட்டுக்கு 5 கிலோ இனாமாகப் போகிறது. குறைந்தாலோ சட்டம் குறுக்கிடும். 2011ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட் ஒன்றில் 15 கிராம் வரை பிழை பொறுக்கப்படுகிறது. ஆனால் சராசரி எடை குறையக்கூடாது. எனவே அந்த 15 கிராமை லாபமாக எண்ணுவோர் ஒருநாள் அகப்படுவர். எடை மெஷினுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்ளவேண்டும்.

பையின் தன்மையும் மெஷினைத் தீர்மானிக்கிறது. சாதாரண பாலிதீன் ஈரத்தைத் தடுக்கும். காற்றையும் மணத்தையும் தடுக்காது. வறுத்த கடலை அதில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மஞ்சள் தூள் வெளிச்சத்தில் நிறம் மங்கும். இவற்றுக்குப் பாலியஸ்டர் சேர்ந்த இரட்டை அடுக்குப் பிலிமோ, ஒளி புகாத பிலிமோ வேண்டும். அதை ஒட்டும் சூடு வேறு, அழுத்தம் வேறு. அச்சடித்த ரோல் வாங்கப்போனால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் என்று செலவு ஏறும். குறைந்த அளவு ஆர்டரை எடுக்கவும் மாட்டார்கள். புதிதாகத் தொடங்குவோர் வெற்றுப் பையில் லேபிள் ஒட்டினால் போதும். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் முதலியவை அந்த லேபிளில் இருக்கவேண்டும்.

மின்சாரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரமும் காற்றழுத்தக் கம்ப்ரசரும் கேட்கும் மெஷின்கள் உண்டு. அப்படியானால் புது இணைப்பு, கம்ப்ரசர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் மெஷின் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். நம் ஊர்களில் மாலையில் மின்னழுத்தம் இறங்கினால் தாடையின் சூடு இறங்கி, தையல் விட்டுவிடும்.

விற்பவரை எடை போடுவது

கோயமுத்தூர், சென்னை, அகமதாபாத் என்று பல ஊர்களில் இம்மெஷின்களைச் செய்கிறார்கள். எங்கே செய்தார்கள் என்பதைவிட, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதே முக்கியம். இருநூறு ரூபாய் ஹீட்டர் இல்லாமல் லட்ச ரூபாய் மெஷின் நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஹீட்டர், டெஃப்லான் துணி, பேரிங், சென்சார், கத்தி ஆகியவை சேலம் கடைகளில் கிடைக்கும் அளவுதானா, அல்லது அவரிடமே வாங்கவேண்டிய தனி அளவா என்று கேளுங்கள். விற்பவர் தாமே செய்கிறாரா, பிறர் செய்ததில் தம் பெயர்ப் பலகை ஒட்டுகிறாரா என்பதையும் பட்டறைக்கே போய்ப் பாருங்கள். அவருடைய ஜி.எஸ்.டி. எண் நடப்பில் உள்ளதா என்பதை அரசின் இணையதளத்தில் காசில்லாமல் பார்த்துவிடலாம்.

அவரிடம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்கள் பெயரைக் கேட்டு, விற்பனையாளர் இல்லாமல் நீங்களே போகவேண்டும். முதலாளியிடம் மட்டும் விசாரித்தால் போதாது. மெஷினை ஓட்டும் ஆளிடம் பேசுங்கள். எது அடிக்கடி போகிறது, கழற்றித் துடைக்க எவ்வளவு நேரம், போன் செய்தால் எடுக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பிறகு உங்கள் சொந்தச் சரக்கில் 25 கிலோ எடுத்துப் போய், உங்கள் பிலிமில், ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டச் சொல்லுங்கள். முதல் பத்து பாக்கெட்டைப் பார்த்து மயங்கவேண்டாம். கடைசிப் பத்தை நிறுத்துப் பாருங்கள். பாக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்கினால், குமிழி வரும் இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று பொருள்.

திருப்தியானால் எல்லாவற்றையும் ஆர்டரில் எழுதி வாங்கவேண்டும். இன்ன பொருளில், இன்ன எடையில் நிமிடத்துக்கு எத்தனை பாக்கெட், எடை வித்தியாசம் எத்தனை கிராம், பொருள் படும் பாகங்கள் 304 தரத் துருப்பிடிக்காத எஃகு, தாடைக்குக் கைக்காப்பு உண்டு, நிறுவிப் பழக்கிக் கொடுப்பது யார் செலவு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பவை அதில் இருக்கவேண்டும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கொட்டகையில் ஓடிய பிறகு கொடுக்க ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்ற பேச்சுக்கு இடம் தரவேண்டாம். தகராறு வந்தால் அந்தப் பில்தான் துணை. தம் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே அவர் முறையிடலாம்.

மானியம் பற்றியும் ஒரு வார்த்தை. 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், தகுதியான செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவி வரும்போது, வேண்டியதைவிடப் பெரிய மெஷினை எடுக்கச் சொல்லும் ஆட்களும் கூடவே வருவார்கள். மீதி 65 சதவிகிதம் நம் கடன் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தந்தக் காலத்து நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன், உங்கள் சரக்கில் 2 கிலோவும் கையிலுள்ள கொட்டேஷன்களும் எடுத்துக்கொண்டு, நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, சேலம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒரு நடை போய் வாருங்கள். மெஷினை ஓட்டப்போகும் பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.