யாருடைய பாதம் இந்த அடி?

ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் உங்கள் பாதத்தை வைத்துப் பாருங்கள். அநேகமாக 12 அங்குலம் வராது. ஓர் அடி என்பது 30.48 செ.மீ. வளர்ந்த ஆண்களிலேயே பெரும்பாலோருக்குப் பாதம் அதைவிடச் சில செ.மீ. குறைவுதான். ஆங்கிலத்தில் ‘ஃபுட்’, தமிழில் ‘அடி’ என்று இரண்டிலும் காலின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ராஜா ஒருவரின் பாதத்தை அளந்து வைத்த கதைகளையும் நம்ப வேண்டியதில்லை.

அடியைக் கண்டுபிடிக்க ஒரு வழியை 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் யாக்கோப் கோபெல் தன் நில அளவை நூலில் படம் போட்டே விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வரும் 16 ஆண்களை, நெட்டை குட்டை பார்க்காமல், நிறுத்த வேண்டும். அவர்கள் இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கிடைக்கும் நீளம் ஓர் அளவுகோல். அதில் 16இல் ஒரு பங்கு ஓர் அடி. புள்ளியியல் என்ற துறை உருவாகும் முன்பே சராசரி எடுத்திருக்கிறார்கள்!

ஆனாலும் ஊருக்கு ஊர் அடி வேறாகவே இருந்தது. பாரிஸ் அடி 32.48 செ.மீ., லண்டன் அடியைவிட நீளம். நெப்போலியன் குள்ளர் என்ற பேச்சுக்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். 5 அடி 2 அங்குலம் என்பது பிரெஞ்சுக் கணக்கு. நம் கணக்கில் அவர் ஐந்தரை அடி. அந்தக் காலத்துக்கு அது சாதாரண உயரம்தான்.

பிரிட்டனில் மூன்று அடி கொண்ட கெஜத்துக்கு ஓர் உலோகக் கோலே சட்டப்படியான ஆதாரமாக இருந்தது. 1834இல் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது அந்தக் கோலும் பாழானது. புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதன் பிறகும் பிரிட்டன் அடியும் அமெரிக்க அடியும் மயிரிழைக்கும் குறைவான அளவில் மாறுபட்டன. 1959இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடிச் சண்டையைத் தீர்த்தன: ஓர் அடி என்பது சரியாக 0.3048 மீட்டர். அன்றிலிருந்து அடிக்குத் தனி ஆதாரம் கிடையாது. மீட்டரின் நிழலில்தான் அது வாழ்கிறது.

அமெரிக்க நில அளவையாளர்கள் மட்டும் பழைய அடியை விடவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அற்பம் போலத் தோன்றும்; 1,000 கி.மீ. தூரத்தில் இரண்டு மீட்டர் இடறிவிடும். 2022 முடிவோடு அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு வந்தது. ஆனால் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை இன்றும் 120 அடிக் கணக்கில்தான் செய்தியில் கேட்கிறோம். அணை நீரின் அளவைச் சொல்லும் டி.எம்.சி.யும் அடிக் கணக்குதான்: ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் அந்த அளவு சேரும். ஆகாயத்தில் விமானங்களும் பெரும்பாலான நாடுகளில் அடியில்தான் உயரம் சொல்கின்றன. கப்பல் சரக்குப் பெட்டிகளின் கணக்கே 20 அடிப் பெட்டியை வைத்துத்தான். மாற்றினால் ஆகும் செலவும் குழப்பமும் பெரிது என்பதால்தான் அடி பிழைத்திருக்கிறது. அதில் வேறு மேன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மனை வாங்கும்போது இந்த இரட்டை வாழ்க்கை நம் பையைத் தொடும். தரகர் சதுர அடியிலோ சென்ட்டிலோ பேசுவார்; பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டையும் நீங்களே ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.