தோத்தாலும் தலைவாஸ்தான்

2025 ஜூன் 29. மும்பை அந்தேரி விளையாட்டரங்கில் இந்தியாவின் முதல் ரக்பி பிரீமியர் லீக் இறுதியாட்டம். டெல்லி ரெட்ஸ் அணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் 41–0 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ். ஆறு அணிகள் மோதிய போட்டி. தமிழ்நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கிய அணி முதல் ஆண்டிலேயே சாம்பியன். போடிநாயக்கனூர் டீக்கடை ஒன்றில் இந்தச் செய்தியைச் சொல்லிப் பார்த்தால், "அப்படி ஒரு டீம் இருக்காண்ணே?" என்ற கேள்விதான் திரும்பி வரும்.

அதே கடையில் தமிழ் தலைவாஸ் கபடி அணியின் பேச்சை எடுத்தால் டீ ஆறிப்போகும்.

இத்தனைக்கும் தலைவாஸ் ஒருமுறைகூடக் கோப்பை வாங்கியதில்லை. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் 2017ஆம் ஆண்டு ஐந்தாம் பருவத்தில்தான் அந்த அணி சேர்ந்தது. உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பர முகம் கமல்ஹாசன், கேப்டன் இந்திய அணியின் அஜய் தாக்கூர். வாண வேடிக்கையோடு வந்த அணி அந்தப் பருவத்தில் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த பருவம் சென்னையிலேயே தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பாட்னா பைரேட்ஸை 42–26 என்று அடித்தபோது இந்த வருசம் நமக்குத்தான் என்று துள்ளினார்கள். முடிவில் மறுபடியும் கடைசி. 2019இல் ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், அஜய் தாக்கூர் என்று கபடியின் பெரிய பெயர்களையெல்லாம் ஒரே அணியில் சேர்த்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

இப்படி ஓர் அணியை ஒருவர் எதற்காக விடாமல் பார்க்க வேண்டும்?

போடிக்காரர்களுக்குக் கபடி தொலைக்காட்சி வந்து சொல்லிக்கொடுத்த ஆட்டமல்ல. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் தேனி மாவட்டத்து ஊர்களில் மின்னொளிக் கபடிப் போட்டி என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டிய அணிகள் வேனில் வந்து இறங்கும். ஆடுகளத்து மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டியிருப்பார்கள். மைக்கைப் பிடித்தவர் ஆட்டக்காரரின் பெயரைவிட அவர் ஊர்ப் பெயரைத்தான் அதிகம் கத்துவார். விடியும்வரை ஆட்டம் ஓடும். அந்தக் களத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு முழங்காலிலோ தோளிலோ பழைய காயம் ஒன்று இருக்கும். அவர்கள் டிவியில் கபடி பார்க்கும்போது கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை.

ரெய்டு வரும் 'பாடி வருபவர்' கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து அவருக்கு முப்பது விநாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருக்கும் பாக் கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது எதிராளி யாரையாவது தொட வேண்டும். இல்லாவிட்டால் அவரே அவுட். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போதுதான் போனஸ் செல்லும். ஓர் அணிக்குப் புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே போய்விட்டால் மூன்றாவது வாழ்வா சாவா ரெய்டு: புள்ளி எடுக்காமல் திரும்பினால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். இது எதிரணிக்கும் தெரியும். அதனால் இடது கார்னரில் நிற்பவர் குனிந்து, கையை மேட்டில் ஊன்றி, பாடி வருபவரின் முகத்தைப் பார்க்காமல் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பாடுபவர் வலப்பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்த்து இடதுகாலை நீட்டுகிறார். கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறார். அது வெறும் பூட்டுத்தான். கவரில் நிற்பவர் அரை நொடிக்குள் வந்து இடுப்பில் மோதினால்தான் பிடி முடியும். கவர் அந்த அரை நொடி தாமதித்தால், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு பாடுபவரின் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிடும். டீக்கடையில் "கவரு தூங்கிட்டான்யா!" என்று தொடையில் அடித்துக்கொள்ளும் குரல் கேட்பது அப்போதுதான்.

முதலில் சொன்ன ரக்பியில் இரண்டு வகை உண்டு. அதில் ரக்பி லீக் என்பது கபடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருப்பவரை மடக்கிக் கீழே தள்ளினால் அவர் எழுந்து, காலால் பின்னுக்குத் தள்ளி, ஆட்டத்தைத் தொடரலாம். இப்படி ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஆறாவது மடக்கு நெருங்கும்போது அரங்கில் எழும் இரைச்சலும் மூன்றாவது ரெய்டுக்கு எழும் இரைச்சலும் ஒரே ஜாதி. எண்ணிக்கை தீர்ந்துகொண்டே வரும் ஆட்டத்தில் பார்ப்பவரால் சும்மா உட்கார முடியாது.

ஒற்றுமை விதியோடு நிற்கவில்லை. ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய சம்பளம் போகும். இழந்த கூலிக்கு ஈடாக ஆறு ஷில்லிங் தரலாம் என்று வடக்குக் கழகங்கள் 1893இல் கேட்டன. பணத்துக்காக ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்று லண்டன் தலைமை மறுத்தது. வசதியாகப் பிறந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிதுதான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய கழகங்கள் பிரிந்து தனி அமைப்பு கண்டன. பிறகு விதிகளும் மாறி, தனி ஆட்டமாகவே ஆனது.

அதன் ரசிகர்களைப் புரிந்துகொள்ள அங்குள்ள ஃபெதர்ஸ்டன் என்ற நிலக்கரி ஊரைப் பார்த்தால் போதும். பதினைந்தாயிரம் பேர் அளவில் வசிக்கும் இடம். போடியைவிடப் பல மடங்கு சிறியது. அந்த ஊரின் ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ் அணி 1983இல் லண்டன் வெம்பிளியில் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரணி ஹல். ஃபெதர்ஸ்டன் ஜெயிக்கும் என்று ஊருக்கு வெளியே நம்பியவர்கள் குறைவு. கடைசி நிமிடங்களில் ஸ்டீவ் க்வின் அடித்த ஒரு பெனால்டி உதையில் 14–12. அடுத்த ஆண்டே சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். அதன் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்கம் போனது, அணி போகவில்லை. இன்னொரு கோடியில் பப்புவா நியூ கினி. அங்கே ரக்பி லீக்தான் தேசிய ஆட்டம். ஆஸ்திரேலிய லீக்கில் அந்நாட்டின் சொந்த அணி 2028இல் ஆட இருக்கிறது.

ஆட்டத்தால் போகும் கூலி என்ற கணக்கு போடியில் இன்றைக்கும் நடப்பில் இருப்பது. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்து பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்குவார்கள். காய் எடுப்புக் காலத்தில் ஒருநாள் விட்டாலும் ஒருநாள் கூலி நட்டம். ராத்திரி முழுக்கக் கபடி ஆடியவர் காலையில் மலையேற முடியாது. ஆடிய நாளோடு மறுநாளும் சேர்ந்து போகும். தோள் இறங்கிவிட்டால் கணக்கு மாதத்துக்குப் போகும். முதல் பரிசுப் பணத்தை ஏழெட்டுப் பேர் பிரித்துக்கொண்டு, வேன் வாடகையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அம்மா கேட்பார். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் கபடிக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

புரோ கபடி ஆட்டங்கள் இரவில்தான். மறுநாள் நாலு மணிக்கு எழ வேண்டியவர்கள் ஒன்பது மணி ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்கிறார்கள். விடிந்ததும் ஜீப்பில் பேச்சு இப்படி நடக்கும்:

"என்ன மாப்ள, நேத்தும் போச்சா?"

"ரெண்டு பாயின்ட்ல மாமா. கடைசி ரெய்டுல போனஸ் எடுக்கப் போயி மாட்டிக்கிட்டான்."

"அப்ப எதுக்குடா பாக்குற?"

"அடுத்தது சனிக்கிழம இருக்குல்ல!"

விடாமல் பார்த்தவர்களுக்கு ஒரு பருவம் கூலி கொடுத்தது. 2022இல் நட்சத்திர ரெய்டர் பவன் ஷெராவத்தைத் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, பவன் அந்தப் பருவம் முழுக்க வெளியே. வழக்கம்போல் முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டு போக ஆரம்பித்தார். முதல் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள். அசன் குமார் பயிற்சியாளராக வந்த பிறகு அணி எழுந்து, தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது.

டிசம்பர் 13 அன்று உ.பி. யோதாஸுடன் எலிமினேட்டர். நாற்பது நிமிடம் ஆடிய பிறகு 36–36. டை-பிரேக்கர் என்றால் அணிக்கு ஐந்து ரெய்டு, மாறி மாறி. யாரும் அவுட்டாகி வெளியே போவதில்லை, எப்போதும் ஏழு பேரும் மேட்டில் இருப்பார்கள், புள்ளி மட்டும் எண்ணப்படும். 6–4 என்று தலைவாஸ் ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37–39. இரண்டே புள்ளி. அந்த இரண்டு புள்ளி எங்கே போனது என்பதை இன்றைக்கும் ஒவ்வொரு ரெய்டாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; இருவர் சொல்வது ஒன்றாக இருக்காது.

இந்த ரசிகர்களுக்குத் தோல்வியைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெயர் தமிழ், ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஹரியானாவைச் சுற்றிய ஊர்க்காரர்கள். கபடியில் தமிழ்நாட்டுக்கு ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் 2025இல் மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் பிடி போட்டவர். 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தமிழன் தலைமையில் பாட்னா ஜெயிக்கிறது, வடக்கத்தியார் தலைமையில் தமிழ் தலைவாஸ் தோற்கிறது என்ற கிண்டல் ரசிகர்களுக்குள்ளேயே ஓடும். பிரபஞ்சன், அபிஷேக் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் மேட்டில் இறங்கிய நாட்களில் கைத்தட்டல் இரண்டு பங்காகக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இதில் ரசிகர்கள் சொல்வது முழுக்கச் சரியா? ஃபெதர்ஸ்டன் மாதிரி ஊரிலேயே பிறந்து வளர்ந்த அணி அல்ல தலைவாஸ். ஏலத்தில் கூட்டப்பட்டு, சில ஆண்டுகளில் கலைக்கப்படும் அணி. அதை ஊர் அணியாக நினைத்துக்கொண்டதே ரசிகர்களின் பெருந்தன்மை. அணி நிர்வாகம் அதற்கு இன்னும் சரியாகக் கைம்மாறு செய்யவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஏலம் என்றால் போடிக்காரர்களிடம் வாய்கொடுத்து மீள முடியாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் இது. காயின் பருமன், பச்சை நிறம், காய்ந்த பக்குவம் எல்லாம் பார்த்து, கிலோவுக்கு எவ்வளவு என்று கணினியில் விலை வைப்பதை அன்றாடம் பார்த்து வளர்ந்தவர்கள் ஆட்டக்காரர் ஏலத்தையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்கள். முந்தைய பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார், முழங்கால் எப்படி, இடது பக்கம் பாடுவாரா வலது பக்கமா, இந்த விலை தாங்குமா? தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த பவனை அடுத்த ஆண்டே தெலுங்கு டைட்டன்ஸ் 2.6 கோடிக்குத் தூக்கியது. 2025இல் அவர் அதைவிட மிகக் குறைந்த விலைக்குத் தலைவாஸுக்கே திரும்பி வந்தார். பருவத்தின் நடுவிலேயே அணியை விட்டும் போனார். அர்ஜுன் தேஷ்வால் கேப்டனானார். அணி முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை.

அந்தப் பருவத்தில் சென்னையிலும் ஆட்டங்கள் நடந்தன. 2010 கடைசியில் அகலப் பாதைப் பணிக்காக மூடப்பட்ட மதுரை–போடி ரயில் தடம் 2023 ஜூனில் போடிவரை திறந்ததிலிருந்து, வாரத்தில் 3 நாள் போடியிலிருந்து நேரே சென்னை சென்ட்ரலுக்கு இரவு ரயில் உண்டு. இறங்கினால் பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் நடை தூரம். டிக்கெட், சாப்பாடு, போகவர இரண்டு நாள் கூலி என்று கூட்டிப் பார்த்தால் ஓர் ஆட்டத்தின் விலை நன்றாகவே கடிக்கும்.

2025 அக்டோபரில், அந்தப் பருவம் முடியும் தறுவாயில், பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. கபடியில் இந்தியாவின் ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூரின் அபினேஷ். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அன்றிலிருந்து டீக்கடைகளில் புது வழக்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறது: அபினேஷை ஏலத்தில் தலைவாஸ் எடுக்குமா, இல்லை வழக்கம்போல் வேறு யாராவது கொத்திக்கொண்டு போவார்களா?